அரிதாரம் கலையாத மேடை

மலைமேல் அலைவரிசை – 14

எண்பதுகளில் என் அக்கா மலேசிய வானொலியின் தமிழ்ப் பகுதிக்கு எழுதிய அஞ்சல் அட்டைகள் எல்லாவற்றிலும் அண்ணன் பெயர்தான் இருக்கும். பாட்டு அவள் கேட்பது, கையெழுத்து அவளுடையது, பெயர் மட்டும் அவனுடையது. நேயர் விருப்பத்தில் ஒரு பெண்பிள்ளையின் பெயர் வாசிக்கப்பட்டால் லயத்தில் பதினாறு வீட்டுக்கும் கேட்கும். எந்தப் பாட்டுக்கு, யாரை நினைத்து என்று மறுநாள் காலை வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்திலேயே பேச்சு ஆரம்பித்துவிடும். ஒரே ஒரு தடவை, என்ன தைரியமோ, சொந்தப் பெயரில் எழுதிப் போட்டாள். எங்கள் ஊர்ப் பெயரோடு, திரிங்காப்பிலிருந்து இன்னார் என்று அறிவிப்பாளர் வாசித்தார். அப்பா அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. ரேடியோவுக்குப் பேட்டரி வாங்குவதை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். இரண்டு மாதம் எங்கள் வீடு ஊமையாகக் கிடந்தது.

இப்போது என் தம்பி மகள் ஓர் இன்ஸ்டாகிராம் கணக்கு வைத்திருக்கிறாள். அதில் அவள் பெயர் இல்லை, படம் இல்லை. முகப்பில் கொரியப் பையன் ஒருவன் உதட்டில் இளஞ்சிவப்புச் சாயத்தோடு சிரிக்கிறான். பிடிஎஸ் குழுவைப் பற்றி மட்டுமே எழுதும் ரசிகைக் கணக்கு அது. பின்தொடர்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். தம்பிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. "உன் படத்தையே வைத்தால் என்ன?" என்று கேட்டேன். "பொண்ணு போட்டோ வச்சா இன்பாக்ஸ்ல ஹாய் ஹாய்னு வந்துகிட்டே இருக்கும் அத்தை. பையன் போட்டோ வச்சா நிம்மதியா பேசலாம்" என்றாள்.

அக்காவுக்கு அண்ணன் பெயர், இவளுக்குக் கொரியப் பையன் முகம். நாற்பது வருடத்தில் நாங்கள் முன்னேறிய தூரத்தை நினைத்துக்கொண்டே தேநீரை ஆற விட்டுவிட்டேன். ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அண்ணன் உதட்டில் சாயம் பூசியதில்லை.

சென்ற வாரம் யோகி பியும் நட்சத்திராவும் 2006இல் கொண்டுவந்த 'வல்லவன்' தொகுப்பைப் பற்றியும், அதைக் கேட்டு நம் தோட்டத்துப் பையன்கள் தொளதொளக் காற்சட்டைக்கு மாறியதைப் பற்றியும் எழுதியிருந்தேன். படித்துவிட்டு கம்போங் ராஜாவிலிருந்து ஒரு வாசகி கேட்டார்: "அதுல பொம்பளைங்க எங்க இருந்தாங்க?" நியாயமான கேள்வி. நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம் என்பதுதான் நேர்மையான பதில். 2010இல் 'எந்திரன்' படத்தில் சிங்கப்பூர்த் தமிழ்ப் பெண் லேடி காஷும் அவர் தோழி கிரிஸியும் ராப் பாடியபோது, அது பெண் குரல்தானா என்று வானொலிக்குக் காதை ஒட்டிக் கேட்டவர்களில் நானும் ஒருத்தி. அந்த வாசகியின் கேள்விக்குத்தான் இந்த வாரம்.

ஆண் பெண்ணாவதும் பெண் ஆணாவதும் தமிழ் மேடைக்குப் புதிதல்ல. பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் ஸ்திரீபார்ட் போட்ட பையன்களுக்கு ராஜபார்ட்டை விட அதிக ரசிகர்கள் இருந்த காலமும் உண்டு. 1935இல் வந்த 'பக்த நந்தனா'ரில் நந்தனாராக ஆண் வேடம் கட்டியவர் கே.பி. சுந்தராம்பாள். அதற்கு அவர் வாங்கிய ஒரு லட்ச ரூபாய் இன்றும் பேசப்படுகிறது. 1941இல் 'சாவித்திரி' படத்தில் நாரதராக வந்தவர் எம்.எஸ். சுப்புலட்சுமி. ஊர் இதையெல்லாம் குறை சொல்லவில்லை, கை தட்டியது. எங்கள் தோட்டத்திலும் தீபாவளி நாடகத்தில் என் சித்தப்பா சேலை கட்டி ஆடினார். மறுநாள் மருந்து டின்னை முதுகில் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? திரை விழுந்துவிடும் என்ற நம்பிக்கைதான். அரிதாரம் கலைத்தால் எல்லாம் பழையபடி. மேடை என்பது ஊர் கொடுத்த விடுமுறை. விடுமுறை முடிந்ததும் வேலைக்குத் திரும்பிவிட வேண்டும். கைப்பேசி வந்து அந்தத் திரையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டது. என் கண்ணுக்கு இதுதான் விஷயம். பாடகர் பொட்டு வைத்ததோ பாடகி கால்சட்டை போட்டதோ ஊரை இவ்வளவு தொந்தரவு செய்யவில்லை. அது முடியாமல் நீள்வதும், பார்த்தவர்களின் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்வதும்தான் தொந்தரவு.

கொரியப் பையன்களிடமிருந்தே தொடங்கலாம். 2013இல் அறிமுகமான பிடிஎஸ் குழுவின் ஏழு பேரும் கண்ணுக்கு மை இடுகிறார்கள், முடிக்குச் சாயம் போடுகிறார்கள், ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுகிறார்கள். 2018 செப்டம்பரில் அக்குழுவின் தலைவர் நாம்ஜூன் ஐ.நா. மன்றத்தில் பேசினார். உன் நிறமும் பாலின அடையாளமும் எதுவானாலும் உன்னைப் பற்றிப் பேசு என்பது அந்தப் பேச்சின் சாரம். ஆனால் அவர்கள் நாட்டில் ஆண்களுக்குப் படைச் சேவை கட்டாயம். 2022 டிசம்பரில் தொடங்கி ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். 2025 ஜூனில் கடைசி ஆளும் சேவையை முடித்தார். சாயம் பூசிய அதே முகத்தை மொட்டைத் தலையோடு பார்த்து என் தம்பி மகள் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. சீனாவில் இந்த மென்மையே குற்றமாயிற்று. 2021 செப்டம்பரில் அங்குள்ள ஒளிபரப்பு ஆணையம் 'பெண் சாயல்' ஆண்களைத் தொலைக்காட்சியில் காட்டக்கூடாது என்று உத்தரவிட்டது. உதட்டுச் சாயத்துக்கு ஒரு வல்லரசு பயப்படும் என்று சித்தப்பாவிடம் அன்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

தமிழ்நாட்டுக் கரூரில் 2024 ஜனவரியில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் மூன்று பேர், பதின்மூன்று வயது, பிடிஎஸ்ஸைப் பார்க்கக் கொரியாவுக்கே கிளம்பிவிட்டார்கள். விசாகப்பட்டினம் போய்க் கப்பல் ஏறுவது திட்டம். சென்னை வரை போய்விட்டுத் திரும்பும் வழியில் காட்பாடி ரயில் நிலையத்தில் அகப்பட்டார்கள். ஊரெல்லாம் சிரித்தது, ஆலோசனை வழங்கினார்கள், கைப்பேசியைப் பிடுங்க வேண்டும் என்றார்கள். பிள்ளைகள் பத்திரமாகத் திரும்பியதே பெரிது, அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனாலும் எனக்கு வேறொன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. எம்.ஜி.ஆரைப் பார்க்க, சிவாஜியைப் பார்க்க, டிக்கெட் இல்லாமல் ரயிலேறி மதராசுக்கு ஓடிய பையன்களின் கதையை எத்தனை பேட்டிகளில் வாசித்திருக்கிறோம்! அதை இலட்சியம் என்று எழுதுவோம். பையன் ஓடினால் சுயசரிதை, பெண் ஓடினால் ஆலோசனை. ரசிகன் என்ற சொல்லுக்கு இருக்கும் கம்பீரம் ரசிகைக்கு ஏன் வரவில்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

இனி நம் நாட்டுக்கு வருகிறேன்.

2015 ஜனவரி 10, கோலாலம்பூர். பி1ஏ4 என்ற ஐவர் கொரியக் குழு ரசிகர்களைச் சந்திக்க வந்திருந்தது. மேடைக்கு அழைக்கப்பட்ட சில பெண்களோடு குழுவினர் ஒரு காதல் காட்சியை நடிப்பதுபோல் விளையாடினார்கள். அணைத்தார்கள், நெற்றியில் ஒரு முத்தம். பெண்களில் சிலர் தூடோங் என்னும் முக்காடு அணிந்திருந்தார்கள். அரங்கத்தில் இருந்தவர்கள் கூவி மகிழ்ந்து கலைந்து போனார்கள். பழைய காலமாயிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். சில நிமிடக் காணொளி ஒன்று பேஸ்புக்கில் ஏறியது, நாடே அதைப் பார்த்தது. கூட்டரசுப் பிரதேச இஸ்லாமிய சமய இலாகா, அந்தப் பெண்கள் ஒரு வாரத்துக்குள் முன்வந்து விசாரணைக்கு ஒத்துழைக்காவிட்டால் கைது ஆணை பெறப்படும் என்று அறிவித்தது. அவர்கள் சம்மதத்தோடுதான் மேடையேறினார்கள் என்றது ஏற்பாட்டு நிறுவனம்.

சமயச் சட்டத்தைப் பற்றிக் கருத்துச் சொல்வது என் வேலையல்ல. அந்தச் சமயத்தவளும் அல்ல நான். நான் பார்த்தது கருத்துப் பெட்டியை. அணைத்தவர்கள் மேல் விழுந்த வசையைவிட அணைக்கப்பட்டவர்கள் மேல் விழுந்த வசை பல மடங்கு. எந்த ஊர், எந்தப் பள்ளி, யார் மகள் என்று தோண்டத் தொடங்கியவர்கள் அதிகாரிகள் அல்லர், சாதாரண மனிதர்கள். ஐந்து பையன்களும் தங்கள் நாட்டுக்குப் போய்விட்டார்கள். பெண்களுக்குப் போக வேறு நாடு இல்லை. அதே சமயம் அந்தப் பெண்களுக்காகப் பேசியவர்களும் அங்கேதான் இருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் முகமில்லாத ரசிகைக் கணக்குகள். சகோதரி, உன் படத்தை நான் பகிர மாட்டேன் என்று மலாயில் ஒருத்தி எழுதியிருந்தாள். பெரிய புரட்சி வாசகம் இல்லை. ஆனால் அன்று அதைவிட உதவியான வாக்கியம் எதுவும் என் கண்ணில் படவில்லை.

எட்டு வருடம் கழித்து, 2023 ஜூலை 21 அன்று, சிப்பாங்கில் நடந்த குட் வைப்ஸ் விழாவில் இதே கதை வேறு வேடத்தில் வந்தது. பிரிட்டனின் தி 1975 குழுவின் பாடகர் மேட்டி ஹீலி நம் நாட்டின் ஓரினச் சேர்க்கைக்கு எதிரான சட்டங்களை மேடையில் ஏசிவிட்டு, சக கலைஞர் ரோஸ் மெக்டொனால்டை உதட்டில் முத்தமிட்டார். நிகழ்ச்சி பாதியில் நின்றது. மீதி இரண்டு நாள் விழாவை மறுநாளே அரசு ரத்து செய்தது. தொடர்புத்துறை அமைச்சர் ஃபாமி ஃபட்சில் இதில் சமரசம் கிடையாது என்றார். ஆறு மாநிலத் தேர்தலுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. எதிர்க்கட்சியின் கையில் தட்டில் வைத்துக் கொடுத்தது போலாயிற்று.

வெளிநாட்டுச் சமூக ஊடகங்களில் சிலர் ஹீலியை வீரர் என்றார்கள். அவர் யாருக்காகப் பேசியதாகச் சொன்னாரோ, அந்த மலேசியர்களில் பலர் கடுங்கோபத்தில் இருந்தார்கள். நாங்கள் கேட்டோமா, நாளைக்கு எங்கள் கதவைத் தட்டும்போது நீ இருப்பாயா என்பதுதான் அவர்கள் எழுதியதன் சாரம். வேடமிட்டு ஆடும் உள்ளூர்க் கலைஞர்கள், சாப்பாட்டுக் கடை போட முன்பணம் கட்டியவர்கள், மேடையேறக் காத்திருந்த உள்ளூர்க் குழுக்கள் எல்லாரும் நட்டப்பட்டார்கள். விழா ஏற்பாட்டாளர்கள் லண்டன் நீதிமன்றத்தில் சுமார் 1.9 மில்லியன் பவுண்டு கேட்டு வழக்குத் தொடுத்தார்கள். குழுவின் நிறுவனத்தின் மேல் வழக்கு நடக்கலாம், உறுப்பினர்கள் தனிப்பட்ட முறையில் பொறுப்பாளிகள் அல்லர் என்று 2025 பிப்ரவரியில் நீதிபதி சொன்னார். தனிப்பட்ட பொறுப்பு என்ற அந்தச் சொல்லை நான் இரண்டு முறை வாசித்தேன். பி1ஏ4 மேடையில் நின்ற பெண்களுக்கு அப்படியொரு சொல் கிடைக்கவில்லை.

ஆகவே வந்து போகிறவர்களை விட்டுவிட்டு, அங்கேயே இருக்கிறவரைப் பார்ப்போம். கானா பாடும் இசைவாணி.

கானா வடசென்னையின் பாட்டு. சாவு வீட்டில் இரவெல்லாம் விழித்திருக்கப் பாடியது. அங்கிருந்து கல்யாணம், கல்லூரி, சினிமா என்று வந்தது. பாடுவது ஆண், தாளம் போடுவது ஆண், சுற்றி உட்கார்ந்து கேட்பதும் ஆண். பெண்ணுக்கு அதில் கொடுக்கப்பட்ட இடம் ஒன்றே ஒன்று: ஏமாற்றிவிட்டுப் போன காதலி. ராயபுரத்துப் பெண்ணான இசைவாணி சிறு வயதிலிருந்தே மேடைகளில் பாடியவர். இயக்குநர் பா. ரஞ்சித்தின் முயற்சியில், இசையமைப்பாளர் தென்மாவோடு உருவான 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு 2018 ஜனவரி 6 அன்று சென்னையில் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. ஏறக்குறைய இருபது பேர் கொண்ட அந்தக் குழுவில் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு பெண்ணாக நின்றவர் இவர். கானாவின் இலக்கணப்படி 'அவள்' என்று பாடப்பட்டவள் 'நான்' என்று ஆரம்பித்தாள். யூடியூபில்தான் முதலில் பார்த்தேன். கழுவும் தொட்டி மேல் கைப்பேசியைச் சாய்த்து வைத்துவிட்டு பாத்திரத்தை மறந்து நின்றேன். குரலில் கெஞ்சல் இல்லை. பெண் குரல் என்றால் தேன் சொட்ட வேண்டும் என்று ஐம்பது வருடமாகக் கேட்டுப் பழகிய காதுக்கு அது கொஞ்சம் உப்பு, கொஞ்சம் காரம். 2020இல் பிபிசி வெளியிட்ட 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது.

2018 செப்டம்பர் 28இல் எல்லா வயதுப் பெண்களும் சபரிமலைக்குப் போகலாம் என்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதையொட்டிய நாள்களில் 'ஐ ஆம் சாரி ஐயப்பா' என்ற பாடலை அந்தக் குழுவின் மேடையில் இசைவாணி பாடினார். பாடி முடித்தார், கைதட்டல் வாங்கினார், இறங்கினார். ஆறு வருடம் கழித்து, 2024 நவம்பரில், கார்த்திகை பிறந்து சாமிமார் மாலை போட்டிருக்கும் நேரம் பார்த்து, யாரோ அந்தத் துண்டை எடுத்து மறுபடி சுற்றுக்கு விட்டார்கள். புதிதாகப் பாடியதைப் போலவே பரவியது. காவல் நிலையங்களில் புகார்கள், இசைவாணியின் கைப்பேசிக்கு வசைகள், மிரட்டல்கள். அவர் பக்கம் நின்ற, ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம், இது பழைய பாட்டு, திட்டமிட்டுக் கிளப்பப்படுகிறது என்று அறிக்கை விட்டது.

பாட்டு பிடிக்காதவர்கள் பிடிக்கவில்லை என்று சொல்வது அவர்கள் உரிமை. எங்கள் வீட்டிலேயே தம்பி ஒவ்வொரு வருடமும் மாலை போடுகிறவன். "சாமி பேர்ல ஏன் விளையாடணும்?" என்று என்னிடம் மனம் நொந்து கேட்டான். அவன் வருத்தத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் தம்பி இசைவாணியின் எண்ணைத் தேடி அழைத்து அசிங்கமாகப் பேசவில்லை. பேசியவர்களுக்குச் சாமி ஒரு சாக்கு. தோள்பட்டையை நிமிர்த்திப் பாடிய பெண்ணைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை. அந்தப் பாட்டை எழுதி, இசையமைத்து, தாளம் போட்டவர்கள் ஒரு பெரிய குழு. வசை போய்ச் சேர்ந்த முகவரி பெரும்பாலும் ஒன்றுதான். இங்கே திரை விழவே இல்லை என்பதைப் பாருங்கள். 2018இல் மேடையிலிருந்து இறங்கிய பெண்ணை 2024இல் மறுபடி இழுத்து ஏற்றி நிறுத்துகிறார்கள்.

இதற்கு மறுபுறமும் உண்டு. 2018 அக்டோபரில் பாடகி சின்மயி கவிஞர் வைரமுத்து மீது ட்விட்டரில் பாலியல் குற்றச்சாட்டு வைத்தார். அவர் மறுத்தார். அடுத்த மாதமே சின்மயி, சந்தா கட்டவில்லை என்ற காரணத்தின் பேரில், டப்பிங் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். தமிழ்த் திரையில் அவர் குரல் ஏறத்தாழ மறைந்தது. 2025 மே மாதம் 'தக் லைஃப்' பாடல் வெளியீட்டு விழாவில், படத்தில் பாடகி தீ பாடியிருந்த 'முத்த மழை'யை அவர் மேடையில் பாடினார். ஒரே இரவில் அந்தக் காணொளி எங்கள் மலை வரைக்கும் வந்து சேர்ந்தது. இவரை ஏன் இத்தனை நாள் கேட்காமல் இருந்தோம் என்று இளைஞர்கள், முக்கியமாகப் பையன்கள், எழுதினார்கள். பிறகு அந்த வடிவமும் முறையாக வெளியானது. சங்கம் அடைத்த கதவை ரசிகர்கள் திறந்தார்கள் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே ரசிகர்கள் அதே வாரம் சின்மயியா தீயா என்று இரண்டு பெண்களையும் கோழிச் சண்டைக்கு விட்டதையும் பார்த்தேனே. ஒரு பெண்ணைத் தூக்க இன்னொருத்தியை இறக்கித்தான் ஆக வேண்டுமென்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ.

போன மாதம் எங்கள் கோயில் திருவிழாவின் கலைநிகழ்ச்சிக்கு என் தம்பி மகனும் அவன் கூட்டாளிகளும் ஓர் ஆட்டம் தயார் செய்திருந்தார்கள். பாதி கொரியப் பாட்டு, பாதி கானா. கானா வரும் இடத்தில் முன்னால் வந்து நின்று ஆட வேண்டியது அவன் அக்கா, அந்த முகமில்லாத கணக்குக்காரி. மை போட்டுக்கொள்ள வேண்டியது அவன். கண்ணாடி முன்னால் கை நடுங்கிக்கொண்டிருந்தது. குளிரா பயமா தெரியவில்லை. திரிங்காப்பில் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

சித்தப்பாவுக்கு இப்போது எண்பது நெருங்குகிறது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பையனின் தாடையை ஒரு கையால் பிடித்து, இமையோரத்தில் ஒரே இழுப்பாகக் கோடு போட்டார். அத்தனை வருடம் கழித்தும் கை மறக்கவில்லை.

"நாங்க ஆட்டம் முடிஞ்சதும் தேங்காய் எண்ணெய் தடவி அழிச்சிட்டு விடிகாலையில பிரட்டுக்கு நிப்போம். உங்களுது எப்படிடா?"

"ஸ்டோரியில தான் போடப் போறேன் தாத்தா. இருபத்து நாலு மணி நேரத்துல தானா அழிஞ்சிடும்."

"யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டா?" என்றாள் அக்கா, தலைமுடியை வாரிக்கொண்டே.

அவன் பதில் சொல்லவில்லை. மற்றக் கண்ணையும் தாத்தா பக்கம் திருப்பினான்.

(தொடரும்)